சிபாப் ஒத்துப்போய்விட்டது, இனியும் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போக வேண்டுமா?

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடும் நோய்க்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பதுதான் சிபாப் மெஷின். அதை வாங்கி மூன்று நான்கு மாதம் ஆகிறது. குறட்டை நின்றுவிட்டது, பக்கத்தில் படுப்பவரும் நிம்மதியாகத் தூங்குகிறார். காலையில் தலை கனக்கவில்லை, மத்தியானம் ஆபீஸில் கண் சொக்கவில்லை. இந்தக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, எதற்காக அரை நாள் லீவு போட்டு, டோக்கன் வாங்கி, டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை போயாக வேண்டும். அதன் பிறகு, பின்னால் சொல்லப்போகும் விலக்குகளில் நீங்கள் இல்லை என்றால், வருடத்துக்கு ஒரு முறை போதும். நன்றாக இருக்கும்போது தூக்கப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதை உடம்பு சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. பல வருடம் அரைத் தூக்கத்தில் வாழ்ந்தவருக்குப் பாதி குணமே முழுக் குணம் மாதிரித் தெரியும். அதனால் மெஷினின் கணக்கையும் பார்க்க வேண்டும். அங்கிருந்து தொடங்குவோம்.

மெஷின் என்ன சொல்கிறது?

இன்று விற்கும் சிபாப் மெஷின்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு இரவின் கணக்கையும் எழுதி வைக்கின்றன. திரையிலேயே ‘ஸ்லீப் ரிப்போர்ட்’ போன்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கும். பல மெஷின்களில் பக்கவாட்டில் ஒரு எஸ்டி கார்டு இருக்கும். சிலவற்றுக்கு மொபைல் ஆப் உண்டு. எதில் பார்த்தாலும் ஒரே ஒரு இரவின் கணக்கை வைத்துப் பயப்படவோ சந்தோஷப்படவோ வேண்டாம். சளி பிடித்த இரவு, கல்யாண மண்டபத்தில் தரையில் படுத்த இரவு, ரயிலில் போன இரவு எல்லாம் கணக்கைக் கலைத்துவிடும். 30 நாள் சராசரியைப் பாருங்கள். பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, எத்தனை மணி நேரம் போட்டீர்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காப்பீட்டுக் கம்பெனிகள் வைத்திருக்கும் நான்கு மணி நேர அளவுகோலைக் கேள்விப்பட்டு, அதுவே இலக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மெஷின் இல்லாமல் உங்களுக்கு மணிக்கு 40 தடவை மூச்சு தடைபடுகிறது. மெஷின் போட்டால் 2 தடவை. நீங்கள் ஏழு மணி நேரம் தூங்கி, அதில் நான்கு மணி நேரம் மட்டும் மாஸ்க் போட்டால், 4 × 2 = 8, மீதி 3 × 40 = 120, மொத்தம் 128. ஏழால் வகுத்தால் மணிக்கு 18 சொச்சம். திரையில் ‘2’ என்று இருக்கும்; அந்த இரவு முழுவதற்குமான உண்மைக் கணக்கு 18. அது நடுத்தர அளவு நோய். இதோடு முடியவில்லை. கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். தொண்டைத் தசைகள் மிகவும் தளர்ந்து, பலருக்கு மூச்சுத் தடை மோசமாக இருப்பதும் அப்போதுதான். மூன்று மணிக்கு பாத்ரூம் போய் வந்து மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பவர், சிகிச்சை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது இல்லாமல் தூங்குகிறார். தூங்கும் நேரம் முழுக்க, பகல் குட்டித் தூக்கம் உட்பட, மாஸ்க் முகத்தில் இருப்பதுதான் இலக்கு.

இரண்டாவது, ஏஎச்ஐ. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு பத்து விநாடிக்குக் குறையாமல் நின்றது, அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற எண்ணிக்கை. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம். மெஷின் போட்ட பிறகு 30 நாள் சராசரி 5க்குள் இருக்க வேண்டும். மெஷினுக்கு உங்கள் மூளை அலையும் தெரியாது, பொதுவாக ஆக்சிஜன் அளவும் தெரியாது. காற்று போய் வருவதை வைத்து அது கணக்கிடுகிறது. நீங்கள் விழித்துக்கொண்டு படுத்திருக்கும் நேரமும் அதற்குத் தூக்கம்தான். ஆகவே பரிசோதனைக்கூட ஏஎச்ஐயும் மெஷின் ஏஎச்ஐயும் அச்சாக ஒத்துப்போகாது. 1.8, 2.6 என்று தினமும் ஏறி இறங்குவதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

அந்த எண்ணைப் பிரித்துக் காட்டும் வசதி உங்கள் மெஷினில் இருந்தால் அதையும் பாருங்கள். தொண்டை அடைத்து நின்ற மூச்சு ஒரு வகை. ‘சென்ட்ரல்’ அல்லது ‘க்ளியர் ஏர்வே’ என்று வருவது வேறு வகை: பாதை திறந்தே இருக்கிறது, ஆனால் மூச்சை இழுக்கச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு வரவில்லை. சிபாப் தொடங்கிய புதிதில் சிலருக்கு இந்த இரண்டாவது வகை தலைகாட்டும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். பிரஷரைக் கூட்டினால் இது சரியாகாது, சிலருக்கு இன்னும் அதிகமாகும்.

மூன்றாவது, லீக். மாஸ்க்கில் வேண்டுமென்றே விட்ட துளைகள் வழியாகக் காற்று வெளியேறத்தான் செய்யும். அதற்கு மேல் ஓரங்களிலோ வாய் வழியாகவோ போவதுதான் சிக்கல். ரெஸ்மெட் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது எல்லைக்கோடு. வேறு சில கம்பெனிகள் வேறு முறையில் காட்டும், இரண்டையும் ஒப்பிடாதீர்கள். லீக் மிக அதிகமாக இருந்தால் மெஷினால் ஏஎச்ஐயைச் சரியாக எண்ணவும் முடியாது. லீக் சிவப்பில் இருக்கும்போது ஏஎச்ஐ 1 என்று காட்டினால் அதை நம்ப வேண்டாம்.

நான்காவது, பகல் நேரம். 1991இல் ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் இதற்குப் போதும். எட்டுச் சூழ்நிலைகள்: உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் இடைவிடாமல் காரில் பயணியாகப் போகும்போது, மத்தியானம் சாய்ந்திருக்கும்போது, யாருடனாவது உட்கார்ந்து பேசும்போது, மது இல்லாத மதிய உணவுக்குப் பின், சிக்னலில் கார் நிற்கும்போது. ஒவ்வொன்றிலும் கண் அசந்துபோக எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் தூக்கக் கலக்கம் அதிகம். சிகிச்சைக்கு முன் என்ன, இப்போது என்ன என்று தேதியோடு குறித்து வையுங்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் ‘வேலை செய்கிறது’ என்று சொல்லலாம். ஏஎச்ஐ அழகாக இருந்தும் பகலில் தூங்கி விழுந்தால் அது வேறு கதை, கீழே வருகிறது.

முதல் மூன்று மாதத்தைத் தவற விடாதீர்கள்

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி சிபாப் தொடங்கி ஒரு மாதத்துக்குள் முதல் சந்திப்பு, கட்டுக்குள் வரும் வரை தேவைக்கேற்பச் சந்திப்புகள், அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று. நேரில்தான் என்றில்லை, போனிலும் வீடியோவிலும் நடக்கலாம். நம் ஊருக்கும் இது பொருந்தக்கூடிய நல்ல கால அட்டவணை.

நம் ஊரில் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பெரும்பாலோர் மெஷினைச் சொந்தக் காசில் மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். கடைக்காரரின் டெக்னீஷியன் வீட்டுக்கு வந்து மாஸ்க் மாட்டிக் காட்டிவிட்டுப் போகிறார். அதன் பிறகு ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். அட்டவணையை நீங்களேதான் காலண்டரில் எழுத வேண்டும்: மெஷின் வந்த நாளிலிருந்து 30ஆம் நாள், 90ஆம் நாள்.

30ஆம் நாள் சந்திப்பின் முக்கிய வேலை பிரஷரைச் சரிசெய்வது. பிரஷரைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ மெஷின்கள் பெரும்பாலும் 4 முதல் 20 அலகு வரை என்ற அகல வரம்போடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. நிறைய வீடுகளில் வருடக்கணக்காக அப்படியே ஓடுகின்றன. இதில் இரண்டு கஷ்டம். தொடக்கத்தில் 4 என்பது பலருக்குக் காற்றே வராத மாதிரி இருக்கும். மூச்சு முட்டுகிறது என்று மாஸ்க்கைப் பிடுங்கிவிடுவார்கள். நடு இரவில் பிரஷர் சட்டென்று ஏறும்போது மாஸ்க் ஓரம் பிய்த்துக்கொண்டு விழிப்பு வரும். ஒரு மாதக் கணக்கில், ‘95 சதவீத நேரம் இந்த பிரஷருக்குள் இருந்தது’ என்று ஒரு எண் கிடைக்கும். அது 11 என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் அதைப் பார்த்து வரம்பை 8 முதல் 13 என்பது போலச் சுருக்குவார். இது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் மெஷினை அலமாரியில் ஏற்றிவிட நினைத்திருந்தவர்கள் பலர், இதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்கத் தொடங்குகிறார்கள்.

90ஆம் நாள் சந்திப்பில் மாற்றிய பிரஷர் ஒத்துக்கொண்டதா, சென்ட்ரல் வகை அடங்கியதா, மாஸ்க்கால் மூக்குத் தண்டில் புண் வந்ததா, மற்ற மருந்துகளின் நிலை என்ன என்று பார்ப்பார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. சிபாப் போட்டால் ரத்த அழுத்தம் சராசரியாக 2 அல்லது 3 புள்ளிதான் இறங்கும். சிலருக்கு அதைவிட அதிகம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. தூக்கம் நன்றாக வருகிறது என்று ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வருடாந்திரச் சந்திப்புக்கு என்ன எடுத்துப் போவது?

நல்ல சந்திப்புக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஆனால் கையை வீசிக்கொண்டு போனால் ‘நன்றாக இருக்கிறீர்களா?’, ‘நன்றாக இருக்கிறேன்’ என்ற அளவிலேயே முடிந்துவிடும். கொடுத்த ஃபீஸ் வீண். எடுத்துப் போக வேண்டியவை இவை:

– முதன்முதலில் செய்த தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட். தொலைத்துவிடாதீர்கள், மொபைலிலும் படம் எடுத்து வையுங்கள்.
– எஸ்டி கார்டு, அல்லது 30 நாள், 90 நாள் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்.
– பரிசோதனை செய்த அன்று இருந்த எடையும் இன்றைய எடையும்.
– மாஸ்க்கின் பெயர், சைஸ், கடைசியாக மாற்றிய தேதி.
– எல்லா மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் நீங்களாக வாங்கிப் போடுவது உட்பட.
– எப்வொர்த் மதிப்பெண்.
– முடிந்தால், பக்கத்தில் படுப்பவர். குறட்டை திரும்பியதை முதலில் கேட்பவர் அவர்தான்.

கணக்கை டாக்டர் முன்கூட்டியே பார்க்க முடிந்தால் வீடியோ சந்திப்பும் போதும். இந்தியாவில் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இதற்கு இடம் தருகின்றன. ஆனால் எடை மாறியிருந்தாலோ, மூக்கடைப்பு இருந்தாலோ, கால் வீக்கம் மாதிரி எதையாவது தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தாலோ நேரில்தான் போக வேண்டும்.

யாரிடம் போவது என்பதில் நிறையக் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் தூக்க நோயைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நுரையீரல் மருத்துவர்களும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும்தான். பிரஷரை எழுதித் தந்தவர் யாரோ அவரிடமே தொடர்வது நல்லது. எல்லாம் சீராக இருந்து, மெஷின் கணக்கைப் படிக்கத் தெரிந்த குடும்ப மருத்துவர் உங்களுக்கு இருந்தால், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் அவரிடமே காட்டிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. டெக்னீஷியன் விஷயத்தில் மட்டும் கோட்டைத் தெளிவாகப் போடுங்கள். மாஸ்க் சைஸ், குழாய், ஃபில்டர், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் இவற்றில் அவருக்கு டாக்டரைவிட அதிகம் தெரியும். ஆனால் பிரஷரை மாற்றுவது டாக்டர் எழுதித் தந்தால் மட்டும். ‘கொஞ்சம் ஏத்தி வைக்கிறேன் சார்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்களே சரிசெய்யக்கூடியவை

சின்னச் சின்னத் தொந்தரவுகளுக்கெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை. வாய் வறண்டால் ஹியூமிடிஃபையரை ஒரு படி ஏற்றுங்கள். குழாயில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து முகத்தில் சொட்டினால் ஏசிக் காற்று குழாயைக் குளிர வைக்கிறது என்று அர்த்தம். ஒரு படி இறக்குங்கள், அல்லது குழாயைப் போர்வைக்குள் விடுங்கள். தூங்கப் போகும்போது பிரஷர் தொந்தரவாக இருந்தால், அதை மெல்ல மெல்ல ஏற்றும் ‘ராம்ப்’ வசதியை 15, 20 நிமிடத்துக்கு வைக்கலாம்.

லீக் வந்தால் எல்லோரும் முதலில் செய்வது பட்டையை இறுக்குவது. பெரும்பாலும் அதுதான் லீக்கை அதிகமாக்குகிறது. சிலிக்கான் மெத்தை காற்றால் உப்பி முகத்தில் படிந்தால்தான் அடைப்பு சரியாக வரும்; இறுக்கினால் மடிந்துபோகும். சரியான முறை இது: முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப்பசை இல்லாமல் துடையுங்கள். மெஷினை ஓட விட்டு, மல்லாந்து படுத்த பிறகு மாஸ்க்கைச் சற்று முன்னால் இழுத்து விடுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பட்டையைச் சரிசெய்யுங்கள். உட்கார்ந்துகொண்டு சரிசெய்தது படுத்ததும் நழுவும், ஏனென்றால் கன்னம் பக்கவாட்டில் சாய்கிறது. இதற்கும் அடங்காவிட்டால் மெத்தை பழசாகியிருக்கும். தாடி வளர்த்திருந்தால் மூக்கோடு மட்டும் நிற்கும் மாஸ்க்குக்கு மாறுங்கள். வாய் திறந்து போகிறதென்றால் முதலில் மூக்கடைப்பைக் கவனியுங்கள். வாயை முழுதாக மூடும் மாஸ்க் அதற்கு அடுத்த படி.

மூச்சை வெளியே விடும்போது பிரஷரைக் குறைக்கும் வசதியில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. ரெஸ்மெட் மெஷின்களில் மூன்று படி வைத்தால் வெளிமூச்சில் பிரஷர் மூன்று அலகு குறையும். ஏற்கெனவே குறைந்த பிரஷரில் இருப்பவருக்கு இதனாலேயே ஏஎச்ஐ ஏறலாம். மாற்றினால் ஒரு வாரம் கணக்கைப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எடை மாறினால்

நன்றாகப் போய்க்கொண்டிருப்பவரையும் மறுபடி பரிசோதனைக்கு அனுப்பும் முக்கியக் காரணம் எடைதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நீண்ட காலம் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2000இல் வெளிவந்தது. எடை 10 சதவீதம் கூடினால் ஏஎச்ஐ ஏறத்தாழ 32 சதவீதம் கூடுகிறது, 10 சதவீதம் குறைந்தால் ஏறத்தாழ 26 சதவீதம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. 90 கிலோ உள்ளவருக்கு 10 சதவீதம் என்பது 9 கிலோ. அந்த அளவு ஏறினாலும் இறங்கினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இது இப்போது இன்னும் முக்கியமாகியிருக்கிறது. டிர்செபடைட் என்ற வார ஊசி மருந்துக்கு, பருமனோடு நடுத்தர அல்லது தீவிர மூச்சுத் தடை உள்ளவர்களுக்காக, 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. 2025இல் அந்த மருந்து இந்தியாவிலும் நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் விற்பனைக்கு வந்துவிட்டது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். எடை வேகமாக இறங்கும்போது பழைய பிரஷர் தேவைக்கு மேலாகிவிடும். வயிற்றில் காற்று போய் உப்புசம், ஏப்பம், புதிதாக லீக், காரணமில்லாமல் விழிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். ஆட்டோ மெஷின் என்றால் ஓரளவு தானே இறங்கிக்கொள்ளும், ஆனால் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே அதனால் போக முடியாது.

எடை நன்றாகக் குறைந்ததும் ‘இனி மெஷினே வேண்டாமா?’ என்று கேட்பது நியாயம்தான். நான்கு இரவு கழற்றி வைத்துப் பார்த்து, குறட்டை வரவில்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். குறட்டை இல்லாமலும் மூச்சு நிற்கும். மெஷின் போட்டிருக்கும்போது 1 என்று காட்டுவதும் நோய் போய்விட்டதற்குச் சான்று இல்லை. மெஷின் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சான்று. கண்ணாடி போட்டுப் படிப்பவருக்கு எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதால் பார்வை திரும்பிவிட்டதாக அர்த்தமில்லை. சரியான வழி, டாக்டரின் மேற்பார்வையில் குறிப்பிட்ட நாட்கள் மெஷினை நிறுத்தி, மெஷின் இல்லாமல் ஒரு தூக்கப் பரிசோதனை செய்வது. பெரும்பாலும் வீட்டிலேயே செய்யும் பரிசோதனை போதும். அந்த நாட்களில் தூரப் பயணம் வண்டி ஓட்டாதீர்கள். ஸ்மார்ட் வாட்ச்சின் ஆக்சிஜன் எண் இதற்கு மாற்று ஆகாது.

எடையும் மாறவில்லை, தொந்தரவும் இல்லை என்றால்? அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பில், அறிகுறி ஏதும் இல்லாமல் சிபாப் போடுபவருக்கு வழக்கமான சடங்காக மறுபரிசோதனை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ‘வருடா வருடம் ஸ்லீப் ஸ்டடி’ என்று யாராவது பேக்கேஜ் விற்றால், எதற்காக என்று கேளுங்கள். சிபாப்புக்குப் பதிலாகப் பல்லில் மாட்டும் கருவி போடுபவர்களுக்கு நிலைமை வேறு. கருவியைச் சரியான அளவுக்கு நகர்த்திய பிறகு, அதை மாட்டிக்கொண்டே ஒரு பரிசோதனை அவசியம், ஏனென்றால் அந்தக் கருவி கணக்கு எதையும் எழுதி வைப்பதில்லை. பல் மருத்துவரும் கடி மாறுகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

வருடம் முடியும் வரை காத்திருக்கக் கூடாத நேரங்கள்

வண்டி ஓட்டும்போது ஒரே ஒரு தடவை கண் செருகினாலும் அந்த வாரமே போங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம், டூவீலரும்தான்.

ஏஎச்ஐ இரண்டு வாரமாக 5ஐத் தாண்டி நின்று, லீக் காரணம் இல்லை என்றால் போங்கள். நின்றிருந்த காலைத் தலைவலி திரும்பினால் போங்கள். இரவில் கரியமில வாயு உடம்பில் தங்குவதாக இருக்கலாம். சாதாரண சிபாப்புக்கு அது கட்டுப்படாமல், மூச்சை இழுக்கும்போது அதிகமாகவும் விடும்போது குறைவாகவும் பிரஷர் தரும் பைபாப் மெஷின் தேவைப்படலாம். கால் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு, புதிதாக வந்த பக்கவாதம் அல்லது இதய நோய், கர்ப்பம், ஓபியம் வகை வலி மாத்திரையை நீண்ட நாள் தொடங்குவது ஆகிய எல்லாவற்றிலும் பழைய செட்டிங் செல்லாக்காசாகிவிட வாய்ப்பு உண்டு.

கணக்கு எல்லாம் சரியாக இருந்தும் தூக்கம் அசத்துகிறது என்றால் முதலில் தூங்கும் மணி நேரத்தை எண்ணுங்கள். ஐந்தரை மணி நேரம் தூங்குபவருக்கு எந்த மெஷினும் உதவாது. பிறகு மாத்திரைகளைப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் போடும் சில மாத்திரைகள் மறுநாள் வரை மயக்கும். அதற்கு மேல் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, இரவில் கால் குறுகுறுப்பு என்று தேட வேண்டியதைத் தேடுவது டாக்டரின் வேலை. பிரஷரை ஏற்றிக்கொண்டே போவது இதற்குத் தீர்வு இல்லை.

இந்த அட்டவணை யாருக்குப் பொருந்தாது?

இதய பலவீனம் உள்ளவர்கள், சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள், பருமனால் மூச்சு மந்தமானவர்கள், தசை நரம்பு நோய் உள்ளவர்கள், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், பைபாப் அல்லது ஏஎஸ்வி (மூச்சுக்கு மூச்சு உதவியைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை) மெஷின் போடுபவர்கள். இவர்களுக்கு ‘வருடத்துக்கு ஒன்று’ என்பது போதாது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஏஎஸ்வி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதயத்தின் பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள, பெரும்பாலும் சென்ட்ரல் வகைத் தடை கொண்ட இதய நோயாளிகளில், ஏஎஸ்வி போட்டவர்களிடையே இதய நோய் மரணம் அதிகமானது என்று 2015இல் வெளியான ‘சர்வ் ஹெச்எஃப்’ ஆய்வு காட்டியது. அந்த மெஷினில் இருப்பவருக்குப் புதிதாக இதய பலவீனம் வந்தால் உடனே தூக்க மருத்துவருக்குத் தெரிய வேண்டும். குழந்தைகளுக்கும் தனி அட்டவணை. முகம் வளர வளர மாஸ்க் பொருந்தாது, முக எலும்பின் மேல் அழுத்தமும் விழும்.

மெஷினையும் பாருங்கள்

மெல்லிய ஃபில்டரை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். வீடு தூசியான ரோட்டை ஒட்டி இருந்தால் இரண்டு வாரத்திலேயே சாம்பல் நிறமாகிவிடும், அப்போதே மாற்றிவிடுங்கள். மாஸ்க் மெத்தை மூன்று முதல் ஆறு மாதம், குழாய் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். மெத்தையைத் தினமும் மிதமான சோப்பு நீரில் துடையுங்கள். குழாயையும் தண்ணீர்த் தொட்டியையும் வாரம் ஒரு முறை கழுவி நிழலில் உலர்த்துங்கள். தொட்டியில் வெள்ளை உப்புப் படிந்தால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற வைத்துக் கழுவலாம். டெட்டால், ஸ்பிரிட், பிளீச் வேண்டாம். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையும் மூச்சுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பழைய மெஷின் வாங்கியிருந்தால் சீரியல் நம்பரைச் சரிபார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதைந்து துகளாகக் கூடும் என்பதால் ஃபிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. அப்படிப்பட்ட மெஷின்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. மாஸ்க் கிளிப்பில் காந்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேஸ்மேக்கர் போல உடம்புக்குள் வைத்த கருவியிலிருந்து அந்தக் காந்தம் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படுப்பவருக்கு மட்டும் அல்ல, அருகில் படுப்பவருக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

இங்கே விருப்பத்தைப் பொறுத்த சந்திப்பு, சில நாடுகளில் கட்டாயம். அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில், தொடங்கிய 31ஆம் நாளுக்கும் 91ஆம் நாளுக்கும் இடையில் டாக்டர் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். தொடர்ச்சியான 30 நாட்களில் 70 சதவீத இரவுகள், அதாவது 21 இரவுகள், குறைந்தது நான்கு மணி நேரம் போட்டதற்கு மெஷின் கணக்கும் வேண்டும். தவறினால் அவர்கள் பணம் கட்டுவதை நிறுத்திவிடலாம். தனியார் காப்பீடுகள் பலவும் இதே மாதிரி விதி வைத்திருக்கின்றன. பிரிட்டனில், பகல் தூக்கக் கலக்கத்தோடு கூடிய நடுத்தர அல்லது தீவிர மூச்சுத் தடை இருந்தால் ஓட்டுநர் உரிமம் தரும் டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். கார் ஓட்டுபவருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, லாரியோ பஸ்ஸோ ஓட்டுபவருக்கு ஒவ்வொரு வருடமும் மறு ஆய்வு உண்டு. லண்டனில் பஸ் ஓட்டும் ஒருவர் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று கிளினிக்கைத் தவிர்த்தால் வேலைக்கே சிக்கல்.

ஆபரேஷன் வந்தால்

எந்த ஊரில் இருந்தாலும், கண்புரை முதல் மூட்டு மாற்று வரை எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் மூச்சுத் தடை இருப்பதைச் சொல்லுங்கள், பிரஷர் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். மயக்க மருந்தும் வலி ஊசியும் தொண்டையை இன்னும் தளர்த்தும். மெஷின், மாஸ்க், குழாய், பவர் கார்டு நான்கையும் பெயர் ஒட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். ஆபரேஷன் முடிந்து வார்டில் பகலில் கண்ணயரும்போதும் அதைப் போட வேண்டும் என்று கூட இருப்பவரிடமும் நர்ஸிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.